வகுப்பில் அட்ஜஸ்ட் செய்யுங்கள், காகிதத்தில் வேண்டாம்

வியட்நாமின் ஆங்கில சென்டர்களில் பாடம் எடுக்க வரும் நம் ஊர் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

"அக்கா, அந்த சென்டர் எப்படி? நம்பி வரலாமா?" என்று கேட்டுப் போன வருடம் மட்டும் உங்களில் ஏழெட்டுப் பேர் போன் செய்தீர்கள். வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் ஆளுக்கு ஒரு விதமாக ஏதோ சொல்லி வைத்தேன். சொன்னது போதவில்லை என்று பிறகு உறுத்தியது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம். எம்.ஏ., பி.எட். ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம், இங்கே ஹோ சி மின் நகரத்தில் தனியார் ஆங்கில சென்டர்களில் ஐந்து வருடம். மூன்று சென்டர் மாறிவிட்டேன். மூன்றிலும் பிள்ளைகள் தங்கம். மூன்றிலும் நிர்வாகம் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் சென்டரில் சேர்ந்த இரண்டாவது வாரம். வெள்ளி இரவு 11.10-க்கு ஸாலோவில் ஒரு செய்தி. (ஸாலோதான் இந்த ஊர் வாட்ஸ்அப். சம்பளம், லீவு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான்.) "டீச்சர், நாளை காலை 7.30, ஸ்டார்ட்டர்ஸ் வகுப்பு, கோ வாப் கிளை." பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. (ஸ்டார்ட்டர்ஸ் என்றால் ஆங்கிலம் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள்.) அந்தக் கிளையை நான் பார்த்ததே இல்லை. கிராப் என்ற ஆப்பில் பிடித்த பைக் டாக்ஸியில் 7.10-க்குப் போய்ச் சேர்ந்தால் ஷட்டர் மூடியிருக்கிறது. வாட்ச்மேன் தாத்தா பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து ஐஸ் காபி உறிஞ்சிக்கொண்டிருந்தார். 7.25-க்குத் திறந்தார்கள். மூன்றாம் அறை என்றார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு வகுப்பு. ஐந்தாம் அறைக்கு ஓடினேன். 15 பிள்ளைகள் என்று சொன்ன வகுப்பில் 22 பேர். என்னிடம் தந்த தாள் ஆறாம் பாடம். பிள்ளைகள் ஒன்பதாம் பாடத்தில் இருந்தார்கள், ஏனென்றால் முந்தைய ஆசிரியர் புதன்கிழமையே வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் எதுவரை எடுத்தார் என்று யாரிடமும் குறிப்பு இல்லை. மேசையில் மூன்று மார்க்கர், மூன்றும் காய்ந்தவை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு அம்மாக்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அது 'ட்ரையல்' வகுப்பாம். பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை என்னைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். இதை என் உதவி ஆசிரியை, டி.ஏ. என்பார்கள், என் காதில் சொன்னபோது மணி 7.32.

ஒவ்வொருவரையும் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து நடுவில் குவிக்கச் சொன்னேன். பென்சில், தண்ணீர் பாட்டில், ஒரு பையனின் கைக்குட்டை, ஒரு பெண் குழந்தை பாதி தின்ற ரொட்டி. இது யாருடையது, என்ன நிறம், எங்கே வைக்கலாம், மறைத்துவிட்டு எது காணோம் என்று கண்டுபிடி. ரொட்டியை வைத்தே பத்து நிமிடம் ஓடியது. ஒன்றரை மணி நேரமும் முடிந்தது. இரண்டு அம்மாக்களும் ஒரு வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டினார்கள். திங்கட்கிழமை மேனேஜர் எல்லோர் முன்னாலும் "யூ ஆர் வெரி ஃப்ளெக்சிபிள்" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அதற்குப் பிறகு அந்த மாதிரி வகுப்பெல்லாம் எனக்கே வந்தது.

நம் ஆட்களைப் பற்றி இங்கே ஒரு பேச்சு உண்டு. இந்தியர்கள் சண்டை போட மாட்டார்கள், சமாளித்துவிடுவார்கள் என்று. உண்மைதான். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு இடம் விட்டு வளர்ந்தவர்கள் நாம். அறுபது பேர் வகுப்பில், ஃபேன் ஓடாத மே மாதத்தில், பாடம் எடுத்துப் பழகியவர்கள். அந்தச் சாமர்த்தியம் வகுப்பறைக்குள் பெரிய சொத்து, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதே கையோடு வேலை ஒப்பந்தத்திலும், மணிக்கணக்கிலும், விசாத் தேதியிலும் அட்ஜஸ்ட் செய்துவிடுகிறோம். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இந்த இரண்டையும் பிரித்து வையுங்கள்.

முதலில் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால், உங்களைப் பிடிக்காமல்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்து ராத்திரி தூக்கம் போய்விடும். எனக்கு இரண்டு வருடம் போனது. சென்டரை நடத்துவது பாடப் பிரிவு இல்லை, வாசலில் இருக்கும் சேர்க்கை மேசை. அங்கே இருப்பவர்களுக்கு 'ஆலோசகர்' என்று பெயர், வேலை என்னவோ ஆள் பிடிப்பது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கட்டணத்தை மொத்தமாக முன்னாலேயே வாங்குவார்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. மாதக் கடைசிக்குள் இத்தனை பேர் என்று இலக்கு. "செவ்வாய் ஆறு மணிக்கு வகுப்பு இருக்கிறதா?" என்று ஒரு அம்மா கேட்டால், அந்தப் பெண் இல்லை என்று எப்படிச் சொல்வாள்? இருக்கிறது என்பாள். அப்புறம்தான் வகுப்பு, அறை, ஆசிரியர் எல்லாம் தேடுவார்கள். பகலில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பதால் எட்டு அறையும் காலியாகக் கிடக்கும், மாலை 5.45-லிருந்து 9 வரை அதே எட்டு அறைக்குப் பத்து வகுப்பு முட்டும். அந்த முட்டல்தான் உங்களுக்கு இரவு 11 மணிக்குச் செய்தியாக வருகிறது. அகாடமிக் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் நம்மைப் போல ஆசிரியராக இருந்து மேலே ஏறியவர். அவருக்கே விஷயம் நமக்கு அரை மணி முன்னால்தான் தெரியும். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இன்னொன்று, இது கொஞ்சம் நுணுக்கம். வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீ' என்று பேசுவது குறைவு, எல்லாம் உறவுமுறைதான். மூத்தவள் 'சி', இளையவள் 'எம்'. என்னைவிட நாலு வயது மூத்த மேனேஜர் முதல் நாளே என்னை 'எம்' என்றார், தங்கச்சி என்று. ஊரை விட்டு வந்தவளுக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு டெங்கு வந்தபோது ராத்திரி பத்து மணிக்கு மழையில் நனைந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான். என் வொர்க் பர்மிட் காகிதத்தை இரண்டு முறை மறந்தவரும் அவர்தான். பாசமும் பொய்யில்லை, மறதியும் பொய்யில்லை. ஆனால் அக்காவிடம் தங்கச்சி சம்பளம் கேட்டு நச்சரிப்பாளா? கேட்டாலும் 'கோங் சாவ், கோங் சாவ்' என்பார், பரவாயில்லை பார்த்துக்கலாம் என்று அர்த்தம். ஊரில் தாளாளர் "நம்ம ஸ்கூல், நம்ம பிள்ளைங்க" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே கதை, பாஷை வேறு.

சரி, காகிதத்துக்கு வருகிறேன்.

வொர்க் பர்மிட்தான் எல்லாவற்றிலும் பெரிது. அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத் தருவார்கள், அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேறு சென்டருக்கு மாறினால் புது பர்மிட் வாங்க வேண்டும். நான் வந்தபோது பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், டெல்லியில் வியட்நாம் தூதரகம் என்று மூன்று இடத்து முத்திரை வாங்கினேன். கூடவே மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, போலீஸ் சான்று. இந்தப் போலீஸ் சான்றில்தான் மாட்டிக்கொண்டேன். விண்ணப்பம் போடும் நாளில் அது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நான் எல்லாவற்றையும் முதல் வாரமே கொடுத்துவிட்டேன். வாங்கி வைத்த எச்.ஆர். பெண் வேலையை விட்டுப் போனாள். அடுத்து வந்தவள் நான் ஏற்கெனவே பர்மிட் வாங்கியவள் என்று நினைத்துக்கொண்டாள். என் கோப்பு பழைய பெண்ணின் டிராயரில், ஒரு டெட் பண்டிகை (வியட்நாமியப் புத்தாண்டு) காலண்டருக்குக் கீழே கிடந்தது. கண்டுபிடித்தபோது போலீஸ் சான்றுக்கு ஏழு மாதம் வயது. இங்கிருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பித்தேன். அதற்குள் விசா முடிந்து, மொக் பாய் எல்லை வழியாகக் கம்போடியாவுக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

"அதுவரை டூரிஸ்ட் விசாவிலேயே வகுப்பு எடுங்கள், எல்லோரும் அப்படித்தான்" என்றார்கள். நானும் மூன்று வாரம் எடுத்தேன். தப்பு. இங்கே பர்மிட் இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 15 முதல் 25 மில்லியன் டாங் (இந்த நாட்டுப் பணம்) வரை அபராதம், கூடவே நாட்டை விட்டு அனுப்பிவிடலாம். 2022-இல் வந்த அரசாணையில் அப்படியே இருக்கிறது. சென்டருக்கும் அபராதம் உண்டு, ஆனால் விமானம் ஏற்றப்படுவது சென்டர் இல்லை. அதனால் உங்கள் காகிதங்களின் காலாவதித் தேதியை நீங்களே ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை, எழுத்தில் கேளுங்கள்: விண்ணப்பம் போட்டாயிற்றா, ரசீது எண் என்ன. நச்சரிப்பாகத் தெரியும். தெரியட்டும்.

ஒரிஜினல் பட்டத்தை "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று கேட்பார்கள். சரிபார்த்து நகல் எடுக்கும்வரை கூடவே நின்று, திரும்ப வாங்கி வந்துவிடுங்கள். வியட்நாம் தொழிலாளர் சட்டம் 2019-இல் நிறைவேறி 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு, ஊழியரின் ஒரிஜினல் அடையாளச் சான்றையோ பட்டத்தையோ முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வதும் கூடாது. என்னிடம் கேட்டபோது இந்தப் பிரிவை எல்லாம் எடுத்து வீசவில்லை. "அம்மா பூஜை அறையில் வைக்கச் சொல்லியிருக்கிறார்" என்றேன். இந்த ஊரில் அந்தக் காரணத்துக்கு மேல் பேச்சில்லை.

அடுத்தது மணிக்கணக்கு. எனக்கு அப்போது மணிக்கு 3,20,000 டாங். ஒரு மாதம் சம்பளத்தில் 14 மணி நேரம் குறைந்தது. 44,80,000 டாங், நம் பணத்தில் சுமார் 15,000 ரூபாய். வழக்கமாக எல்லோரும் செய்வது போலக் கண்ணீரோடு மேனேஜரிடம் போகவில்லை, நோட்டோடு கணக்குப் பிரிவுக்குப் போனேன். ஒரு 40 பக்க நோட்டு. தேதி, கிளை, அறை, வகுப்பின் பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பக்கத்தில் டி.ஏ.வின் கையெழுத்து. கணக்குப் பெண் தன் கணினியில் இரண்டு எக்செல் ஃபைலைத் திறந்தாள். ஒன்று கிளையினுடையது, இன்னொன்று தலைமை அலுவலகத்தினுடையது. கிளை மாறி எடுத்த வகுப்புகள் எதுவும் இரண்டாவதில் ஏறவே இல்லை. கடைசி நிமிடத்தில் நான் ஓடி ஓடி எடுத்தேனே, அந்த வகுப்புகள்தான். ஃப்ளெக்சிபிளாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு அது. அவளும் திகைத்துப் போனாள். இரண்டு நாளில் பணம் வந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு தென்னாப்பிரிக்கரும் இரண்டு பிலிப்பைன்ஸ் பெண்களும் அதற்குப் பிறகு நோட்டு வாங்கினார்கள். எத்தனை மாதம் அவர்களுக்கு எவ்வளவு விட்டுப்போனதோ, யாருக்கும் தெரியாது.

வாய்மொழியாக எது சொன்னாலும், அன்றே ஸாலோவில் ஒரு வரி திருப்பி அனுப்பிவிடுங்கள். "இன்று நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை 8 முதல் 9.30 வரை கூடுதல் வகுப்பு எடுக்கிறேன், வழக்கமான மணிக்கூலி, நன்றி அக்கா." அவ்வளவுதான். அவரும் ஒரு இதயப் படம் போடுவார். அந்த இதயம்தான் உங்கள் ஆவணம்.

ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு மொழியில் இருக்கும். கடைசிப் பக்கத்தில், வித்தியாசம் வந்தால் வியட்நாமிய மொழிப் பகுதியே செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அதனால் ஆங்கிலப் பத்தியை மட்டும் படித்துக் கையெழுத்துப் போடாதீர்கள். சில சென்டர்கள் 'வேலை ஒப்பந்தம்' என்பதற்குப் பதிலாக 'சேவை ஒப்பந்தம்' என்று தலைப்புப் போடும். இன்ஷூரன்ஸ், விடுமுறைச் சம்பளம் எல்லாவற்றிலிருந்தும் நழுவத்தான். சம்பளம் கொடுத்து, மேற்பார்வை செய்து வேலை வாங்கினால், என்ன பெயர் வைத்தாலும் அது வேலை ஒப்பந்தம்தான் என்கிறது அதே தொழிலாளர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. நம் வேலை மாதிரிப் பட்டப்படிப்பு கேட்கும் வேலைக்குச் சோதனைக் காலம் 60 நாள்தான், அந்த நாட்களிலும் குறைந்தது 85 சதவீதச் சம்பளம். "இன்னும் ஒரு மாதம் பார்க்கலாமே" என்பதெல்லாம் கிடையாது.

சம்பளம் தாமதமாவதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நாம் ரொம்பப் பொறுத்துப் போகிறோம். சமாளிக்கவே முடியாத காரணம் இருந்தாலும் 30 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது, 15 நாளோ அதற்கு மேலோ ஆனால் வட்டி சேர்த்துத் தர வேண்டும். 97-ஆம் பிரிவு. ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரையான ஒப்பந்தத்தை விட்டுப் போக 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும். ஆனால் சம்பளம் முழுதாகவோ நேரத்துக்கோ வரவில்லை என்றால், முன்னறிவிப்பே இல்லாமல் போகலாம் என்கிறது 35-ஆம் பிரிவு. போகச் சொல்லவில்லை. போகலாம் என்று தெரிந்த ஆள் பேசும் குரலே வேறு மாதிரி இருக்கும்.

மறதியால் வரும் தாமதம் ஒன்று, பணமே இல்லாமல் வரும் தாமதம் இன்னொன்று. இரண்டும் முதல் மாதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். ஜப்பானில் நோவா என்று மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளிச் சங்கிலி இருந்தது. அங்கேயும் கட்டணம் முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் ஏற்பாடுதான். 2007 ஜூனில் நீண்டகால ஒப்பந்தங்களை விற்கக் கூடாது என்று அரசு ஆறு மாதத் தடை போட்டது. புதுப் பணம் நின்றது, சம்பளம் தள்ளித் தள்ளிப் போனது, அக்டோபரில் நீதிமன்றத்திடம் திவால் பாதுகாப்புக் கேட்டது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் நடுத்தெருவில். சம்பளத்தில் பிடித்த வாடகையை வீட்டுக்காரர்களுக்குக் கட்டாததால் சிலருக்கு வீடும் போனது. இங்கே வியட்நாமில், நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் வைத்திருந்த அபாக்ஸ் லீடர்ஸில் 2022 கடைசியிலிருந்து ஆசிரியர்கள் சம்பளத்துக்கும் பெற்றோர்கள் கட்டிய பணத்துக்கும் அலைந்ததை நாடே பார்த்தது. 2024 மார்ச்சில் அதன் தலைவர் கைதானார். அதனால் ஒரு மாதச் சம்பளம் பாதி வந்தால் காரணம் கேளுங்கள். அடுத்த மாதமும் பாதி வந்தால் காரணம் கேட்க வேண்டாம், வேறு இடம் பாருங்கள். அதற்கு முன்னாலேயே டி.ஏ.க்களிடம் விசாரியுங்கள். கல்லூரிப் பெண்கள், நம்மைவிட மிகக் குறைந்த கூலி, சென்டரில் நடப்பது எல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கட்டிடக்காரர் வாடகை கேட்டு வந்து கத்திவிட்டுப் போனதுகூட. அவர்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், வகுப்பு முடிந்ததும் நன்றி சொல்லுங்கள். இதில் தந்திரம் ஏதும் இல்லை, இருந்தாலும் பலன் உண்டு.

நிறம், பாஸ்போர்ட் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், பாகுபாடு இருக்கிறது. ஒரே வகுப்பை எடுக்கும் இங்கிலாந்துப் பையனுக்கு என்னைவிட ஒன்றரை மடங்கு. பெற்றோர் தினத்துக்குப் புகைப்படத்தில் நிற்க மட்டும் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வருவார்கள். "யாராவது கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லுங்கள்" என்றார்கள் என்னிடம். ஒரு அப்பா கேட்டார், திருநெல்வேலி என்றேன், போனில் வரைபடம் எடுத்துக் காட்டினேன். அவர் மகள் இன்னும் என்னிடம் படிக்கிறாள். இதைப் பற்றி எழுதினால் தனி மடல் ஆகிவிடும், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

வகுப்பறைக்கு வேண்டியதை உங்கள் பையிலேயே வைத்திருங்கள்: நல்ல மார்க்கர் நாலு, ஒரு ஸ்பாஞ்ச் தாயக்கட்டை, வெற்றுத் தாள் ஐம்பது, புத்தகமே இல்லாமல் எடுக்க, வயது வாரியாக மூன்று குழுக்களுக்கு, குழுவுக்கு இரண்டு பாடம். நான் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்திருக்கிறேன். கடைசி நிமிட வகுப்புக்கும் சரி என்று சொல்லுங்கள், உங்களுக்கு முடிந்தால். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா ஒரு வருடப் பணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் நம்மைப் போல இதே குழப்பத்தில் மாட்டியவர்கள்தான். எடுத்து முடித்து, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் கட்டியது, இன்று கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். பின்பக்கக் கற்சுவரில் முகத்தைச் சாய்த்து மெதுவாக வேண்டிக்கொள்வார்கள். ஒரு முறை எங்கள் சேர்க்கை மேசைப் பெண்ணை அங்கே பார்த்தேன். மாதக் கடைசி. என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வகுப்பு முடித்து 12 மணிக்கு மேல் நான் அங்கே இருப்பேன். புதிதாக வருகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், வியட்நாமிய மொழிப் பக்கங்களையும் சேர்த்து. முன்பு எனக்கு டி.ஏ.வாக இருந்த பெண் இப்போது ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு ஐஸ் காபி வாங்கிக் கொடுத்தால் வரி வரியாகப் படித்துச் சொல்வாள்.

அன்புடன்,
உங்கள் அக்கா
ஹோ சி மின் நகரத்திலிருந்து